பட்டியலில் விட்டுப்போன ஊரின் மழை

எங்கள் சக்துன் ஒன்றியத்தில் ஆறு கிடையாது, குளம் கிடையாது, ஏறி நின்று பார்க்க ஒரு மேடு கிடையாது. யுகத்தான் என்ற எங்கள் தீபகற்பம் முழுக்கவே ஒரே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, அதன்மேல் மூன்று விரல் கனத்துக்குச் செம்மண், தண்ணீரெல்லாம் பாறைக்கு அடியில் இருட்டில் ஓடிக்கொண்டிருக்கும், பாறை இடிந்து விழுந்த பள்ளங்களில் மட்டும் அது வானத்தைப் பார்க்கும். இப்படிப்பட்ட இடத்தில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கூர்நுனிக் கம்பால் குழி போட்டு, மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் ஒரே குழியில் விட்டு, மூவாயிரம் வருஷமாக வயிறாரச் சாப்பிட்டுவரும் மாயா ஜனங்கள் நாங்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாயா என்றாலே காட்டுக்குள் இடிந்து கிடக்கும் கோபுரம் என்றும் நாங்கள் என்றைக்கோ காணாமல் போனவர்கள் என்றும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. நாங்கள் எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறோம்.

அடியில் ஓடும் தண்ணீர் குடிக்க உதவும், வயலுக்கு உதவாது. வயலுக்கு மழைதான், மழைக்கு எங்கள் மழைச்சாமி ச்சாக்தான், ச்சாக்கிடம் கேட்கவேண்டிய முறையில் கேட்கவேண்டும். ஜூலை மாதம் வானம் பிகு பண்ணும்போது ஒன்றியத்து ஆண்கள் எல்லாரும் காட்டுக்குள் கூடி, கொம்பு நட்டுப் பந்தல்போல் ஒரு பீடம் கட்டி, மண்ணடுப்பில் சுட்ட பதின்மூன்று அடுக்கு ரொட்டியும் மரப்பட்டையில் ஊறிய தேன்கள்ளும் வைத்து, பீடத்தின் கால்மாட்டில் தவளைபோல் கத்த நாலு பொடியன்களையும் உட்காரவைத்துவிட்டு, பூசாரி எங்கள் ஒன்றியத்தின் ஒன்பது ஊர்ப் பெயர்களையும் கிழக்கில் தொடங்கிச் சூரியன் போகும் வழியில் ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லி, இங்கேயெல்லாம் பெய்யவேண்டும் என்று கேட்பார். பெண்கள் அந்த இடத்துக்குப் போகக்கூடாது. பூசாரி வாய்திறந்தபின் யாரும் குறுக்கே பேசக்கூடாது, பேசினால் கள் புளித்துவிடும். வருஷத்துக்கு ஒருதரம்தான் கேட்கலாம், இரண்டாம் தரம் கேட்டால் அது பிச்சை என்பது வழக்கம்.

பூசாரி காஸ்பார் தூஸ் நாற்பது வருஷமாக இந்தப் பெயர்களை வாய்ப்பாடமாகச் சொல்லிவந்தவர், எழுபதை நெருங்கியும் குரல் மட்டும் கோயில்மணி. அந்த வருஷம் ஒன்றியத் தலைவர், பூசையைப் படம்பிடிக்கத் தலைநகரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்பதால், அரசாங்கப் பட்டியலில் உள்ளபடியே ஊர்ப்பெயர்களை அழகாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஓர் அட்டையாக அவர் கையில் கொடுத்தார். காஸ்பார் மறுப்பார் என்றே எல்லாரும் நினைத்தோம். அவரோ அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், படம்பிடிக்கிறார்கள் என்றதும் மனுஷனுக்கு மிதப்பு வந்துவிட்டது என்று நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம்.

அட்டையில் எட்டு ஊர்தான் இருந்தது. விட்டுப்போனது ஹோல்ச்சே, பதினோரு வீடும் ஒரு கிணறும் உள்ள எங்கள் ஆகச் சின்ன ஊர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆள் கணக்கெடுக்க வந்தவர்கள் சக்துன் திருவிழா அன்று பார்த்து அங்கே போக, பதினோரு வீட்டாரும் தலையூரான சக்துனில் ஆடிக்கொண்டிருக்க, வந்தவர்கள் நாலு வான்கோழிகளை விசாரித்துவிட்டு ‘ஆளில்லாத இடம்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். காஸ்பார் பிறந்த ஊரே அதுதான் என்பது இன்னும் வேடிக்கை. பூசையில் ஹோல்ச்சே ஆண்கள் ஏழுபேர் நின்றிருந்தார்கள், தங்கள் ஊர்ப்பெயர் வரவேண்டிய இடத்தில் வராமல் அடுத்த ஊர்ப்பெயர் வந்ததை ஏழுபேரும் கேட்டார்கள், குறுக்கே பேசக்கூடாதே என்று ஏழுபேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பூசை முடிந்து அவரவர் பங்கு ரொட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று பெண்டாட்டிமாரிடம் சொன்னார்கள். இப்படி ஒரு தப்பை மரியாதை தெரிந்தவர்கள்தான் செய்யமுடியும்.

நாலாம் நாள் மழை வந்தது. எட்டு ஊரிலும் கொட்டித் தீர்த்தது, ஹோல்ச்சேயின் எல்லையில் காரையில்லாமல் கல்லடுக்கிக் கட்டிய இடுப்புயரச் சுவர்வரை வந்து, அங்கே நின்றது. சுவருக்கு வெளியே கையை நீட்டினால் மணிக்கட்டுவரை நனைந்தது. முதலில் கண்டுபிடித்தவை கோழிகள்தான், அக்கம்பக்கத்து ஊர்க் கோழிகளெல்லாம் சுவர்தாண்டி உள்ளே வந்து இறக்கையை உலர்த்திக்கொண்டு நின்றன.

கோழிகளைத் தொடர்ந்து மனிதர்கள் வந்தார்கள். பக்கத்து ஊரான போப்போலாவிலிருந்து பெண்கள் பூவேலை செய்த வெள்ளை அங்கிகளைத் துவைத்து எடுத்துவந்து ஹோல்ச்சே மரங்களில் காயப்போட்டார்கள். பள்ளி ஆசிரியர் ஒழுகும் கூரைக்குப் பயந்து புத்தகங்களைக் கொண்டுவந்து அடுக்கினார், கோவில்காரர்கள் ஈரம் ஏறிய புனிதரின் சிலையை நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்து வெயில் காட்டினார்கள், மழையில் தள்ளிப்போன இரண்டு கல்யாணங்கள் ஒரே வாரத்தில் அங்கே நடந்தன, எக்காளக்காரர்கள் ஒத்திகைக்கு வந்தார்கள், ஓட்டுக்கேட்க வந்தவர் ஒருவர் தன் எதிரியையும் அங்கேயே சந்தித்துச் சேர்ந்து காபி குடித்தார். ஹோல்ச்சேக்காரர்கள் எல்லாருக்கும் தொங்குபடுக்கை கட்டிக்கொடுத்தார்கள், யாரையும் சும்மா அனுப்பவில்லை, சோளக்கூழாவது கொடுத்தார்கள். எட்டு நாள் அந்தச் சின்ன ஊர் ஒன்றியத்துக்கே தலையூர்போல் இருந்தது, அவர்களும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தார்கள்.

ஒன்பதாம் நாள் ஊர்த்தலைவி நிக்கனோரா தூஸ் விருந்தாளிகளை விட்டுவிட்டு வயலைப் போய்ப் பார்த்தாள். சோளத்தட்டை முழங்கால் உயரத்திலேயே நின்று, இலை சுருட்டிக்கொண்டிருந்தது. பூக்கும் சமயம் அது, இன்னும் மூன்று வாரத்துக்குள் மழை இல்லையென்றால் அறுவடை இல்லை, அறுவடை இல்லையென்றால் பதினோரு வீடும் மூட்டை கட்டவேண்டியதுதான். எழுபத்திரண்டு வயசு நிக்கனோரா யாரையும் திட்டாமல், ஆண்கள் ஏழுபேரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டு வரிசையாக நிற்கவைத்து, பூசையில் என்ன நடந்தது என்று கேட்டாள். ஆறுபேர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினார்கள், ஏழாவது ஆளான போலிகார்ப்போ போத் மட்டும் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னான்.

அன்றைக்கே அவள் ஆறு கிலோமீட்டர் நடந்து தலையூருக்குப் போனாள். ஒன்றியத் தலைவர் நல்ல மனுஷன், கெட்டவரில்லை, நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தலைநகரத்துக்கு அவள் எதிரிலேயே போன் செய்தார், பட்டியலைத் திருத்த மனு போடவேண்டும், மனு டிசம்பரில் பரிசீலனைக்கு வரும் என்று பதில் வந்தது. அவருக்கே சங்கடமாகி, தலையூரில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பதினோரு மனை ஒதுக்குகிறேன், எல்லாரும் வந்துவிடுங்கள், வந்தால் மின்சாரமும் உண்டு என்றார்.

நிக்கனோரா எழுந்துகொண்டாள். “அங்க ஆளில்லன்னு பொய்யா எழுதியிருக்காங்க. நாங்க கெளம்பி வந்துட்டா அது நெசமாயிடும். அந்த உதவிய மட்டும் அவங்களுக்கு நாங்க செய்யமாட்டோம்” என்றாள்.

வெளியே வந்து தம்பி காஸ்பாரின் வாசலில் நின்று, விட்டுப்போன ஊருக்காக மறுபடி கேட்கச்சொன்னாள். அவர் கதவுக்கு உள்ளேயே நின்றுகொண்டு, ஒருதரம் கேட்டாயிற்று, மறுதரம் கேட்க முறையில்லை என்று மட்டும் சொன்னார், அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெரிய மனுஷனாகிவிட்டான், பிறந்த ஊர் இளப்பமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவள் திரும்பி நடந்தாள். வழியெல்லாம் மழை. சுவரைத் தாண்டியதும் ஈர அங்கியிலிருந்து சொட்டிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் ஒரு பூசணிக்கொடிமேல் பிழிந்துவிட்டாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, போலிகார்ப்போ சுவர்மேல் ஏறி நின்று, ஏனென்றால் அங்கேதான் சிக்னல் கிடைக்கும், கடற்கரையில் ஓட்டல் கட்டும் வேலைக்குப் போயிருந்த மகனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். வெட்டரிவாளை எங்கே வைத்தாய் என்று இவன் கேட்க, மகன் ஏதோ சொல்ல, “எந்தப் பாறடா? குருட்டுப் பன்னி தண்ணி குடிச்ச பாறையா?” என்று இவன் உரக்கக் கேட்டதுதான் தாமதம், அந்தப் பாறைமேல் ஒரு போர்வை அளவுக்கு மழை பெய்தது. போலிகார்ப்போ பேச்சை முடித்து, மகனிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இறங்கிவந்து நிக்கனோராவிடம் விஷயத்தைச் சொன்னான்.

எல்லாரும் சுவரோரம் கூடினார்கள். முதலில் ‘ஹோல்ச்சே’ என்று ஒரே குரலில் கத்திப் பார்த்தார்கள், ஒரு துளி இல்லை. பிறகு ‘பொனிஃபாசியா வழுக்கி விழுந்த வளைவு’ என்றார்கள், வளைவு நனைந்தது. நிக்கனோரா சீக்கிரமே புரிந்துகொண்டாள். ஊரின் பெயரைப் பட்டியலில் வைத்திருந்தார்கள், அதனால் எடுக்க முடிந்தது, வளைவின் பெயரும் பாறையின் பெயரும் எந்தப் பட்டியலிலும் என்றைக்கும் இருந்ததில்லை, அதனால் அவற்றை யாராலும் எடுக்க முடியவில்லை. போலிகார்ப்போ ஆசைப்பட்டுத் தன் வயலுக்குத் ‘தங்கம் விளையும் பூமி’ என்று ஒரு பெயர் விட்டுப் பார்த்தான், மழை அதைக் கண்டுகொள்ளவேயில்லை. நடந்ததைச் சொல்லும் பெயர்தான் செல்லும்.

அப்புறம் என்ன, பதினோரு வீடும் வேலையில் இறங்கியது. காலையில் கூழைக் குடித்துவிட்டு எல்லாரும் எல்லைச்சுவரை ஒட்டி நடப்பார்கள், நடந்துகொண்டே சொல்வார்கள், மூன்று தேனடை மரம், மணமகன் ஒளிந்த புதர், கழுதை பேச மறுத்த சந்து, பாம்பும் பாதிரியாரும் சந்தித்த குழி, உப்பு கொட்டிய பாதை, இரட்டையர் பிறந்த நிழல், சொல்லச் சொல்ல அந்தந்த இடத்தில் அந்தந்த அளவுக்கு மழை, சொல்லி முடித்ததும் நின்றுவிடும் மழை, நாலு நாளைக்கு ஒருதரம் மறுபடி சொல்லவேண்டிய மழை. ஆண்களுக்கு வயலின் பெயர்கள் தெரிந்திருந்தன. ஆனால் கிணற்றுக்குப் போகும் நாலு வழிகளுக்கும், துவைக்கும் கல் ஒவ்வொன்றுக்கும், பிரசவத்துக்குப் பச்சிலை பறிக்கும் மூலைக்கும், மாமியாருக்குத் தெரியாமல் உட்கார்ந்து அழும் மரத்தடிக்கும் பெயர் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது, எந்தப் பூசையிலும் ஏறாத அந்தப் பெயர்களைப் பெண்கள் சொல்லச் சொல்ல ஊரின் பாதி நனைந்தது. கடற்கரையில் வேலைசெய்யும் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்து, ஒலிபெருக்கியைப் போடச்சொல்லி, தாங்கள் சிறுவயதில் வைத்த பெயர்களைச் சொன்னார்கள், கட்டடத்தின் பதினேழாம் மாடியிலிருந்து ஒருவன் ‘என் பல் விழுந்த இடம்’ என்று சொல்ல, ஒரு உள்ளங்கை அளவு மழை பெய்ததைப் பார்த்து அவன் அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். முந்நூற்று அறுபத்திரண்டு பெயர்கள் சேர்ந்தன. நடந்து சுற்றினால் ஒரு மணிநேரம் ஆகாத ஊருக்கு, முந்நூற்று அறுபத்திரண்டு. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமை தாங்காது, சக்துன்காரனாகிய எனக்கே அப்படியென்றால் ஹோல்ச்சேக்காரர்களைப் பற்றிக் கேட்கவேண்டாம்.

பத்து வீட்டு வயலும் நிமிர்ந்தது. நிக்கனோராவின் வயல் மட்டும் காய்ந்தபடியே கிடந்தது. எங்கள் பக்கத்தில் வயலின் பெயரை, அதில் பயிர்செய்யப் போகிறவனிடம் முதல் விதைப்பின்போது அப்பன் காதோடு சொல்வான், மகனிடம் சொல்வான், மகளிடம் சொல்லமாட்டான். அவள் அப்பாவும் காஸ்பாரிடம்தான் சொன்னார். காஸ்பார் இருபது வயதில் தலையூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்விட்டார், வயலை ஐம்பது வருஷமாக உழைத்துக் காத்தவள் நிக்கனோரா, அதை அவள் ‘நம்ம வயல்’ என்று சொல்லியே பழகியிருந்தாள். இப்போது நின்று பார்த்தாள், ‘நிக்கனோரா நட்ட வயல்’ என்றும் சொல்லிப் பார்த்தாள், பொய்யில்லாத பெயர்தான், ஆனாலும் பெய்யவில்லை. பக்கத்து வீட்டு பொனிஃபாசியா, ஒருத்தன் மனசில் ஒரு பெயர் உட்கார்ந்திருக்கிறவரைக்கும் இன்னொரு பெயர் ஒட்டாது, போய்த் தம்பியைக் கூட்டிக்கொண்டு வா என்று சண்டை போட்டாள். நிக்கனோரா போகமாட்டேன் என்றாள். பிறந்த ஊர் பெயரை விட்டவன் வாயால் என் வயல் நனையவேண்டாம், என் தட்டை எரிந்தாலும் சரி, மற்ற பத்து வீடும் பிழைத்ததே போதும் என்றாள். தலைவி வீட்டுச் சோளம் காய்ந்து, தலைவி ஊரார் கொடுத்ததைத் தின்று வாழ்ந்தால், அடுத்த வருஷம் அவளே தலையூருக்குப் போய்விடுவாள், அவள் போனால் ஒவ்வொருவராகப் போவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அவளுக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாம் வாரத்தின் கடைசியில், காலை பத்துமணி வாக்கில், காஸ்பார் தானாகவே வந்தார். ஆறு கிலோமீட்டரும் மழையில் நனைந்து வந்தவர் சுவருக்கு இந்தப்பக்கம் இறங்கியதும் வெயில் சுள்ளென்று அடிக்க, உடம்பிலிருந்து ஆவி கிளம்ப, நேராக வயலுக்கு வந்து நின்றார். நிக்கனோரா சுருண்ட இலைகளுக்கு நடுவே களை பிடுங்கிக்கொண்டிருந்தாள், காய்கிற பயிரில் களை எதற்கு என்று யாரும் அவளிடம் கேட்கத் துணியவில்லை. வேலிக்கு அப்பால் ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது, கூட்டத்தில் நானும் இருந்தேன்.

“பேரச் சொல்லிட்டுப் போ” என்றாள் நிக்கனோரா, நிமிராமலே.

காஸ்பார் வயலின் நாலு மூலையையும் பார்த்தார். அந்தக் கோயில்மணிக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. “தெரியலக்கா” என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

“மறந்துபோச்சு. ரெண்டு வருஷமாவே பேருங்க ஒண்ணொண்ணா போயிட்டிருக்கு. மொதல்ல பேரப்பசங்க பேரு போச்சு, அப்புறம் தெருப்பேரு. அதான் அந்த அட்டையக் கொடுத்ததும் வாங்கிட்டேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்திச்சு. அட்டையில நம்ம ஊரு இல்லங்கறதுகூட எனக்குத் தெரியல, அன்னிக்கு நீ வந்து வாசல்ல நின்னப்பறந்தான் தெரிஞ்சுது. அப்பா காதுல சொன்னது ஞாபகம் இருக்கு, அவர் வாயில அடிச்ச புகையில வாசன ஞாபகம் இருக்கு. பேரு இல்ல. போயிடுச்சு. என்ன மன்னிச்சுடு.”

நிக்கனோரா கையிலிருந்த களையைக் கீழே போட்டாள். மூன்று வாரமாக அவள் மனதில் திட்டித் தீர்த்த பெரிய மனுஷன் எங்கேயும் இல்லை, வழி தவறாமல் இந்த ஊருக்கு வந்துசேர்வதற்கே பயந்து பயந்து நடந்துவந்த தம்பிதான் எதிரே நின்றான். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள், அழுதுகொண்டே இருக்கும்போது சிரிப்பு வந்தது, எங்கள் ஊர்ப்பக்கம் யாருக்கும் இது புதிதில்லை. “அந்தப் பேரு போனா போகட்டும்டா, போச்சுன்னு நீயே சொல்லிட்ட, இனிமே வேற பேரு ஒட்டும்” என்றாள். “நம்ம ஊருல இருக்கிற பேரெல்லாம் எப்பிடி வந்துதுங்கற? ஒருத்தி வழுக்கி விழுந்தா, ஒரு கழுத மொரண்டு பிடிச்சுது. இங்கயும் இப்ப ஒண்ணு நடந்துபோச்சில்ல.” பிறகு அவர் கையைப் பிடித்து வயலுக்கு நடுவில் கூட்டிக்கொண்டு போய், ஊர் முழுக்கக் கேட்கும்படி, “காஸ்பார் மறந்த வயல்” என்றாள்.

காஸ்பார் அவளைப் பார்த்தார். பிறகு அவரும் சொன்னார், தன் பழைய குரலில், பறவைகள் மரத்தைவிட்டுக் கிளம்பும் குரலில், “காஸ்பார் மறந்த வயல்.”

மழை பெய்தது. நாலு மூலைக்கும் பெய்தது, ஒரு மூலையும் விடாமல் பெய்தது, கிழவனும் கிழவியும் கையைப் பிடித்தபடியே நின்று நனைந்தார்கள், வேலிக்கு வெளியே நின்ற நாங்கள் மழை எங்களுக்கு இல்லை என்று தெரிந்தும் தொப்பியைக் கழற்றினோம்.

அந்த வருஷம் ஹோல்ச்சேயில் பதினோரு வீட்டிலும் அறுவடை இருந்தது. ஒன்றியத் தலைவர் போட்ட மனு டிசம்பரில் பரிசீலனைக்கு வந்து, ஆள் இருக்கிறார்களா என்று பார்க்க ஒருவரை நேரில் அனுப்பினார்கள். பட்டியல் திருந்தட்டும் என்று நாங்கள் காத்திருக்கவில்லை. அடுத்த ஜூலை பூசையை எங்கள் முறைப்படி, ஆனால் நாலு மாற்றங்களோடு நடத்தினோம். அட்டை கிடையாது. ஒன்பது ஊரும் தங்கள் தங்கள் சின்னப் பெயர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டுவந்ததில் எண்ணிக்கை ஆயிரங்களுக்குப் போய், காலையில் தொடங்கிய பூசை சாயங்காலம்வரை நீண்டது. துவைக்கும் கல்லின் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் பெண்கள்தான் என்பதால் பெண்களும் வந்தார்கள், கள் புளிக்கவில்லை. பூசாரி காஸ்பார்தான், வேறு யாரையும் அந்த இடத்தில் நிற்கவைக்க ஒருவருக்கும் மனமில்லை, ஆனால் ஊருக்கு ஒருவராக ஒன்பதுபேர் அவரைச் சுற்றி நின்று, அவர் தயங்கும் இடத்தில் குறுக்கே பேசினார்கள், எடுத்துக்கொடுத்தார்கள், இப்போதெல்லாம் குறுக்கே பேசாமல் நிற்பதுதான் எங்களிடம் மரியாதைக்குறைவு. வருஷத்துக்கு வருஷம் அவர் தயங்குவது கூடிக்கொண்டே போனது, சக்துனையே ஒருதரம் மறந்தார், பெண்டாட்டியின் பெயரை மறந்தார், கடைசி வருஷம் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுத்த நிக்கனோராவையே யாரம்மா நீ என்று கேட்டார். ஹோல்ச்சேயின் வரிசை வந்து, சுவரைச் சுற்றி, கிணற்றைக் கடந்து, அவள் வீட்டுக்குப் பின்னால் வந்ததும் மட்டும் அவர் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்துவார், யாரும் எடுத்துக்கொடுக்காமல், ஒரு எழுத்து பிசகாமல், காஸ்பார் மறந்த வயல் என்று சொல்வார்.